பொதுக் கிணறும் வெப்ப ஏற்றமும்

குளிருக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கூதிர், கூதல், வாடை, பனி, தண்மை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் மூன்றைக் கூதிர், முன்பனி, பின்பனி என்று குளிருக்கே ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். நக்கீரரின் நெடுநல்வாடையை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். மின்விசிறி சுழலும் வகுப்பறையில் வியர்வையைத் துடைத்தபடி, மழையில் நனைந்த கோவலர் நெருப்பில் குளிர்காய்வதை விளக்குவதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாட்டில் 'தடவு' என்றொரு சொல் வருகிறது. அகன்ற வாயுடைய கணப்புச் சட்டி என்பது பொருள். மாணவர்கள் அச்சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். அந்தச் சட்டிக்கு விறகு எங்கிருந்து வந்தது, அது இல்லாதவர் என்ன செய்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வெப்பம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கும் நிலத்தில் அப்படியொரு கேள்வி எழ வாய்ப்பில்லை.

அந்தக் கேள்வியை நேரில் சந்திக்கும் வாய்ப்பு 2025 டிசம்பரில் அமைந்தது. பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கும் நம் தங்கை வீட்டுக்கு மூன்று வார விடுப்பில் சென்றிருந்தோம். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூர். நூறாண்டுப் பழைமையுள்ள மரவீடு. அதன் நிலவறையில் 275 காலன், அதாவது ஏறத்தாழ 1,000 லிட்டர் கொள்ளும் எண்ணெய்த் தொட்டி ஒன்று நிற்கிறது. பக்கத்தில் கொதிகலன். அதில் காயும் நீர் அறைக்கு அறை சுவரோரம் நிற்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களுக்குள் சுற்றி வந்து வீட்டைச் சூடாக்குகிறது. மைத்துனர் தொட்டியின் அளவுமானியைக் காட்டி, "மச்சான், நம்ம ஊர்ல சம்பளம் வந்ததும் அரிசி பருப்புக்கு எடுத்து வைப்போம். இங்க குளிர் வந்துட்டா முதல்ல இந்தத் தொட்டிக்கு எடுத்து வைக்கணும்" என்றார். அவர்கள் இருவரும் வேலையில் இருப்பவர்கள். எடுத்து வைக்க முடிகிறது.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வசிக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் மொழியாசிரியர் என்று தங்கை சொல்லக் கேட்டுத் தேநீருக்கு அழைத்தார். உள்ளே நுழைந்ததும் மேலங்கியைக் கழற்றப் போனோம். "வேண்டாம், போட்டுக்கொண்டே இருங்கள்" என்றார். அவரும் அணிந்திருந்தார். சுவரில் இருந்த வெப்பநிலைக் கருவி 60 பாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் ஏறத்தாழ 15.6 டிகிரி. மாடியறைகளைக் குளிர்காலம் முழுவதும் மூடி வைத்துவிட்டு, சமையலறையிலும் அதையொட்டிய சிற்றறையிலுமாக வாழ்கிறார். அவருடைய குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டுக்குப் பின்புறம் ஆழ்துளை போட்டு, மண்ணின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் தந்த மதிப்பீடு. தொகை 48,000 டாலர். "தினமும் பார்க்கிறேன். கவிதை போல மனப்பாடமாகிவிட்டது" என்று சிரித்தார்.

மண்ணுக்குள் அப்படியென்ன வெப்பம் என்று நண்பர்கள் கேட்கலாம். எரிமலையும் வெந்நீர் ஊற்றும் வேறு செய்தி. இங்கே பேசப்படுவது எல்லா ஊரிலும் காலடியில் இருக்கும் சாதாரண மண்ணின் வெப்பம். கிணற்றுக் குளியல் அறிந்த நமக்கு இது புதிதன்று. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும்; சித்திரை நண்பகலில் அதே நீர் சில்லென்றிருக்கும். மாறியது நீரன்று, மேலே வீசும் காற்று. சில பத்தடி ஆழத்துக்குக் கீழே பருவங்களின் ஏற்ற இறக்கம் அநேகமாக எட்டுவதில்லை. பாரிஸ் வானாய்வகத்தின் அடியிலுள்ள சுரங்க அறையில், ஏறத்தாழ 28 மீட்டர் ஆழத்தில், வேதியியலறிஞர் லவாய்சியே 1783இல் ஒரு வெப்பமானியை வைத்தார். கோடையிலும் குளிரிலும் அது 12 டிகிரியை ஒட்டியே நின்றது. மாசசூசெட்ஸ் மண்ணின் ஆழமும் 10 முதல் 13 டிகிரி வரையில் நிற்கிறது. 2023 பிப்ரவரி 4 அன்று பாஸ்டன் நகரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 23 டிகிரிக்கு இறங்கியது. அன்றும் சில நூறு அடி ஆழத்தில் எந்த மாற்றமும் இல்லை.

12 டிகிரி மண்ணை வைத்துக்கொண்டு 20 டிகிரி அறையைப் பெறுவது எப்படி? வெப்பமும் நீரைப் போன்றதே. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும், தானாக மேலேறாது. பள்ளத்து நீரை மேட்டுக்குக் கொண்டுவர நம்மவர்கள் ஏற்றம் கட்டி இறைத்தார்கள். ஹீட் பம்ப் என்பது வெப்பத்துக்குக் கட்டிய ஏற்றம். 'வெப்ப ஏற்றம்' என்றே இக்கட்டுரையில் அழைப்போம். நிலத்தில் துளையிட்டு, அடிவரை இறங்கி வளைந்து மேலேறும் நெகிழிக் குழாயைப் பதித்து, எளிதில் உறையாத கலவை சேர்த்த நீரை அதில் சுழலவிடுகிறார்கள். அந்நீர் ஏந்தி வரும் வெப்பத்தை, நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருப்பதைப் போன்ற ஒரு கம்ப்ரசர் உயர்த்திக் கொடுக்கிறது. மின்சாரம் இங்கே வெப்பத்தை உண்டாக்கச் செலவாவதில்லை, தூக்கிவிடத்தான் செலவாகிறது. ஆகவே 1 அலகு மின்சாரத்துக்கு 3 அல்லது 4 அலகு வெப்பம் கிடைக்கிறது. எண்ணெய்க் கொதிகலனோ, எரிக்கும் 1 அலகைக்கூட முழுதாகத் திருப்பித் தருவதில்லை. கோடையில் ஏற்றத்தை எதிர்த்திசையில் இயக்கினால் வீட்டின் வெப்பம் மண்ணுக்குள் போய்ச் சேரும். அறுவடைக் காலத்து நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதைப் போல.

கருத்தும் பழையதே. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், வெப்பத்தை இவ்வாறு ஏற்றிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852இலேயே எழுதினார். மண்ணை வெப்பத்தின் ஊற்றாகக் கொள்ளும் முறைக்குச் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிஷ் சோலி 1912இல் காப்புரிமை பெற்றார். அப்படியானால் நூறாண்டுக்குப் பின்னும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்குள் மேலங்கியோடு ஏன் அமர்ந்திருக்கிறார்?

புதிதாகக் கட்டும் வீட்டில் இவ்வமைப்பைச் சேர்ப்பது எளிது. இருக்கும் வீட்டில் சேர்ப்பதுதான் வம்பு. ஆழ்துளை போடும் பெரிய லாரி கொல்லைப்புறம் போக வழி வேண்டும். வேலியை எடுக்க வேண்டும், சில இடங்களில் மரத்தை வெட்ட வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் என்ன பாடு என்பதை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் சிக்கல் வேறு. பழைய ரேடியேட்டர்கள் 70, 80 டிகிரி சுடுநீருக்காக அளவெடுத்து வைக்கப்பட்டவை. வெப்ப ஏற்றமோ 35 முதல் 50 டிகிரி வரை நீரைத் தரும்போதுதான் சிக்கனமாக இயங்கும். ஏற்ற வேண்டிய உயரம் கூடக்கூட இறைப்பவனுக்கு உழைப்பு கூடுமல்லவா? எனவே முதலில் சுவர்களுக்குள்ளும் கூரைக்கடியிலும் காப்புப் பொருளை நிரப்பி, சன்னல் இடுக்குகளை அடைத்து, வெப்பம் ஒழுகுவதை நிறுத்த வேண்டும். பிறகு ரேடியேட்டர்களை மாற்ற வேண்டும், அல்லது காற்றுக்குழல்கள் அமைக்க வேண்டும். பல பழைய வீடுகளில் மின்னிணைப்பின் திறனையும் கூட்ட வேண்டியிருக்கும். இவற்றுள் ஒன்றைத் தவிர்த்தாலும் மின்கட்டணம் பழி வாங்கிவிடும்.

இவ்வளவுக்கும் பணத்தை முதலிலேயே கொட்ட வேண்டும் என்பதுதான் முள். மண்ணின் வெப்பம் இலவசம். அதை எட்டும் துளை இலவசமில்லை. மாநில மானியம் உண்டு. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குத் தனித் திட்டங்களும் உண்டு. நம் மூதாட்டியின் ஓய்வூதியம் அவ்வரம்புக்குச் சற்று மேலே நிற்கிறது. மீதித் தொகையைக் கடன் வாங்கும் துணிவுக்குக் கீழே நிற்கிறது. நடுவணரசு 30 விழுக்காடு வருமான வரிச் சலுகை தந்துகொண்டிருந்தது. அது கையில் தரும் பணமன்று, செலுத்தும் வரியில் கழிப்பது. அதிக வரி செலுத்துபவருக்கு உடனே பயன். குறைவாகச் செலுத்துபவருக்கு அப்பயன் அந்த அளவுக்கு வந்து சேராது. அதுவும் வீட்டுக்காரர்கள் தாமே வாங்கும் அமைப்புகளைப் பொறுத்தவரை, 2025 ஜூலையில் இயற்றிய சட்டத்தின்படி, 2025 டிசம்பர் 31 உடன் முடிந்தது. தேநீர் அருந்திய நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே இரண்டு வாரமே இருந்தது. வாடகைக் குடியிருப்போரின் நிலை இன்னும் கடினம். லாரன்ஸ், உஸ்டர் போன்ற பழைய ஆலை நகரங்களின் மூன்றடுக்கு மரவீடுகளில், கருவிக்குச் செலவழிக்க வேண்டியவர் உரிமையாளர். எரிபொருள் கட்டணம் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில். தமக்கு மிச்சமாகாத ஒன்றுக்கு உரிமையாளர் ஏன் துளை போடுவார்?

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவிகள் இதைவிட மலிவானவை. அமெரிக்காவில் அதிகம் பரவுபவையும் அவையே. ஆயினும் குளிர் உச்சத்தில் இருக்கும் இரவில், அதாவது எல்லோருக்கும் ஒருங்கே வெப்பம் வேண்டியிருக்கும் வேளையில், அவற்றின் திறன் குறைகிறது, மின்சாரத் தேவை ஏறுகிறது. மண் அப்படிச் சுணங்குவதில்லை. இதை ஒரு நாடு நன்கு உணர்ந்திருக்கிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சுவீடன் மெல்ல மெல்ல எண்ணெய்க் கொதிகலன்களைக் கைவிட்டது. இன்று அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலவெப்ப ஏற்றங்கள் இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த வீடுகளில் பின்னர் பொருத்தியவை. கருங்கல் நிறைந்த நிலம்தான். ஆனால் துளையிடும் தொழிலே அங்கே ஊரூராகப் பெருகியதால் வேலை பழகிப்போனது. அரிதாக இருக்கும்போது எதுவும் விலை கூடியதே.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. மாசசூசெட்ஸில் இந்தச் சிக்கலுக்கு மாற்றுவழி தேடியவர்களுள் ஒருவர் நாவலாசிரியர். ஆட்ரி ஷுல்மன். துருவக் கரடிகளைப் படமெடுக்கச் செல்லும் ஒரு பெண்ணைப் பற்றிய அவருடைய முதல் நாவல் 1994இல் வெளிவந்தது. 2008இல் கேம்பிரிட்ஜ் நகரில் 'ஹீட்' என்ற தொண்டமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அக்கம்பக்கத்தார் விடுமுறை நாளில் ஒன்றுகூடி, ஒரு கட்டடத்தின் இடுக்குகளை அடைத்துக் காப்பிடுவார்கள். அடுத்த முறை வேறொரு கட்டடம். நம் சிற்றூர்களில் கூரை மேய ஊரே கூடுவதை ஒத்தது. பிறகு அவ்வமைப்பின் கவனம் தெருக்களுக்கடியில் ஒழுகும் பழைய எரிவாயுக் குழாய்களின் மீது திரும்பியது. 2018 செப்டம்பர் 13 அன்று லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஆகிய ஊர்களில் குழாய்களின் அழுத்தம் அளவு மீறி, வீடுகள் அடுத்தடுத்து வெடித்துத் தீப்பற்றின. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஆயிரக்கணக்கான வீடுகள் குளிர் தொடங்கிய பின்னும் எரிவாயு இல்லாமல் கிடந்தன. பழைய குழாய்களை மாற்றுவது கட்டாயமாகத் தெரிந்தது.

ஷுல்மனும் அவருடன் பணியாற்றிய ஜெய்னெப் மகாவியும் கேட்ட கேள்வி எளிமையானது. தெருவை எப்படியும் தோண்டத்தான் போகிறீர்கள். எரிவாயுவுக்கு மாறாக அதே தெருவில் நீர்க்குழாயைப் பதித்தால் என்ன? துளைகளைப் பொது இடத்தில் போடலாம். அவற்றை இணைக்கும் குழாய் தெருவின் வழியே வளையமாகச் செல்லலாம். ஒவ்வொரு வீடும் அவ்வளையத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வெப்ப ஏற்றம் மட்டும் போதும். துளைக்கு வீட்டுக்காரர் பணம் கட்ட வேண்டியதில்லை. எரிவாயுக் குழாயின் செலவை ஊரே பல ஆண்டுகளில் பகிர்ந்து கட்டுவதைப் போல இதையும் பகிரலாம். சேர்ந்திருப்பதில் வேறொரு ஆதாயமும் உண்டு. எல்லாக் கட்டடங்களும் ஒரே வேளையில் ஒரே தேவையோடு இருப்பதில்லை. ஒரு கடை வெளியே தள்ளும் வெப்பம் அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் பயன்படும்.

இக்கருத்து பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள ஃப்ரேமிங்கம் நகரில் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. எவர்சோர்ஸ் என்ற எரிவாயு நிறுவனமே கட்டியது. எரிவாயு விற்கும் நிறுவனம் ஒன்று இருக்கும் கட்டடங்களை இணைத்து இத்தகைய வளையத்தை அமைத்தது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. ஏறத்தாழ ஒரு மைல் நீள வளையம், 600 முதல் 700 அடி வரை ஆழமுள்ள துளைகள், 36 கட்டடங்கள். வீடுகளோடு ஒரு தீயணைப்பு நிலையமும், வருமானம் குறைந்தோர் வாழும் அரசுக் குடியிருப்பும் அதில் இணைந்திருக்கின்றன.

மைத்துனரை அழைத்துக்கொண்டு ஒருநாள் அங்கே சென்றோம். பார்க்க எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறிய மரவீடுகள், ஓரமாகக் குவித்த பனி, தார்ச் சாலையில் தோண்டி மூடிய தழும்பு. ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் துளைகள் இருக்கின்றன. மேலே கார்கள் நிற்கின்றன. "மச்சான், இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் மைத்துனர். அரசுக் குடியிருப்பின் முன் கைத்தடியுடன் ஒரு முதியவர் நின்றிருந்தார். உள்ளே எப்படி இருக்கிறது என்று மைத்துனர் பேச்சுக் கொடுத்தார். வீட்டுக்குள் சட்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. நமக்கு அடுத்த வீட்டு மேலங்கி நினைவுக்கு வந்தது.

இதைக் கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. அதே மாநிலத்தின் லோவெல் நகரில் மற்றொரு நிறுவனம் திட்டமிட்ட வளையம், செலவு எதிர்பார்ப்பை மீறியதால் 2025இல் கைவிடப்பட்டது. ஃப்ரேமிங்கம் ஒரு முன்னோட்டம்; அதன் செலவை அந்நிறுவனத்தின் எல்லா வாடிக்கையாளர்களும் கட்டணத்தில் சிறிது சிறிதாகச் சுமக்கிறார்கள். எரிவாயு நிறுவனங்கள் நிலவெப்பத்தை விற்க வழிசெய்யும் சட்டம் அம்மாநிலத்தில் 2024 நவம்பரில் நிறைவேறியது. ஆனால் அடுத்த தெரு எது என்பதைச் சட்டம் சொல்லாது.

அடுத்த தெரு எது என்பதில்தான் நம் கவலை. வசதியுள்ளவர் ஒவ்வொருவரும் தத்தம் கொல்லையில் துளை போட்டுக்கொண்டு எரிவாயு இணைப்பைத் துண்டித்தால், பழைய குழாயைப் பேணும் செலவு எஞ்சியிருப்பவர்கள் மீது விழும். எஞ்சியிருப்பவர் யார்? வாடகைக்கு இருப்பவர், முதியவர், கடன் கிடைக்காதவர். ஒருவர் விலக விலக மற்றவருக்குக் கட்டணம் ஏறும். ஏற ஏற இன்னொருவர் விலகுவார். கடைசியில் நிற்பவர் முழுக் குழாயையும் தாம் ஒருவராகச் சுமப்பார். தெருவே ஒன்றாக மாறினால் மட்டுமே அவர் தப்புவார். ஆகவே மலிவான நிலவெப்பம் என்பது மலிவான கருவி பற்றிய செய்தியன்று; பொதுவில் போட்ட துளை பற்றிய செய்தி.

மூதாட்டியிடம் இதைச் சொன்னபோது, "பொதுக் கிணறு போல என்கிறீர்கள்" என்றார். ஆம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டோம். நம் நாட்டில் ஊர்ப்பொதுக் கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. மகாத் நகரின் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக 1927இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து செல்ல வேண்டியிருந்தது. நீர் ஒருவரையும் விலக்கவில்லை. கரையில் நின்றவர்கள் விலக்கினார்கள். இதை அவருக்கு விளக்கிச் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, தம் ஊர் மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்குச் சென்று நிலவெப்ப வளையம் குறித்துக் கேட்கப் போவதாகவும், எந்தத் தெருவில் தொடங்குவார்கள் என்பதையே முதலில் கேட்கப் போவதாகவும் சொன்னார். தம் தெரு முதலில் வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஃப்ரேமிங்கம் வளையத்தில் அரசுக் குடியிருப்பு முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டதை அதனால்தான் பெரிதாகக் கருதுகிறோம். துளையின் ஆழத்தையும் கருவியின் திறனையும் பொறியாளர்கள் அளந்துகொள்வார்கள். அந்த வளையம் எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்பதை அளக்க வேண்டியவர்கள் அத்தெருவில் வசிப்பவர்கள். குளிர்நாடுகளில் வாழும் நண்பர்கள் தம் ஊரில் இத்தகைய முயற்சி நடந்தால் அதைப் பற்றி எழுத வேண்டுகிறோம். யார் சேர்ந்தார்கள் என்பதோடு யார் விடுபட்டார்கள் என்பதையும் சேர்த்து.